பாயின்ட் 22 ரைஃபிளுக்கு எந்தத் தோட்டா? பேரலிடமே கேளுங்கள்

ஏர் ரைஃபிளில் ஒன்றிரண்டு வருஷம் சுட்டுப் பழகிவிட்டு 50 மீட்டர் ரேஞ்சுக்கு வருகிற பிள்ளைகள் முதல் வாரத்திலேயே கேட்கிற கேள்வி, "அண்ணா, எந்தத் தோட்டா நல்ல தோட்டா?" பக்கத்து லேனில் இருக்கிற யாராவது ஒருவர் விலை அதிகமான ஒரு பெயரைச் சொல்வார், பிள்ளையின் அப்பா அதை போனில் குறித்துக்கொள்வார், இரண்டு மாதம் கழித்து அந்தப் பெட்டி எப்படியோ வந்து சேர்ந்துவிடும். அந்தத் தோட்டா இந்த ரைஃபிளுக்குச் சேருமா என்று மட்டும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. காசு ஒரு பக்கம் இருக்கட்டும். நம் ஊரில் லைசென்ஸில் ஒரு தடவைக்கு இத்தனை, வருஷத்துக்கு இத்தனை என்று எண்ணித்தான் தோட்டா கிடைக்கிறது. அதைச் சேராத பேரலில், அதாவது துப்பாக்கிக் குழலில், போட்டுத் தீர்ப்பது பெரிய நஷ்டம்.

நான் எழுதப்போவது, ஒவ்வொரு தடவையும் தாழ்ப்பாளைக் கையால் இழுத்துத் தள்ளுகிற போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில், பாயின்ட் 22 லாங் ரைஃபிள் தோட்டாவை வைத்து, 50 மீட்டர் இலக்கை அடிக்கிறவர்களுக்கு. வேட்டைக்கு எந்தத் தோட்டா என்ற பேச்சே இங்கே கிடையாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு அந்தக் கதை நம் நாட்டில் முடிந்துவிட்டது.

முதலில் ஒரு தோட்டாவைக் கையில் எடுத்துப் பாருங்கள்

கோச் அனுமதியோடு, ஃபயரிங் லைனை விட்டுத் தள்ளி, வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு அங்குல நீளம்தான் இருக்கும். பித்தளைக் கூடும் அதன் மேல் உட்கார்ந்திருக்கிற ஈயக் குண்டும் ஒரே பருமன், விரலால் தடவினால் படி எதுவும் தட்டாது. குண்டின் பின்பக்கம் மட்டும் கொஞ்சம் ஒல்லியாகச் செதுக்கப்பட்டுக் கூட்டுக்குள் நுழைந்திருக்கும். பெரிய ரைஃபிள் தோட்டாக்களில் இந்த அமைப்பு இல்லை. அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் கம்பெனி 1887-இல் கொண்டுவந்த வடிவம் இன்றுவரை அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. குண்டு பொதுவாக 40 கிரெய்ன், அதாவது சுமார் 2.6 கிராம். தொட்ட விரலில் மெழுகு மாதிரி ஏதோ ஒட்டும், அதைத் துடைத்துவிடாதீர்கள், அந்த மெழுகைப் பற்றிப் பின்னால் பேச நிறைய இருக்கிறது.

அடிப்பக்கத்தில் சுற்றிலும் ஒரு விளிம்பு தெரிகிறதல்லவா, தீப்பற்றும் மருந்து அந்த விளிம்பின் மடிப்புக்குள்தான் இருக்கிறது. ரைஃபிளின் ஃபயரிங் பின் விளிம்பை நசுக்கும்போது அது பற்றி உள்ளே இருக்கிற வெடிமருந்தைக் கொளுத்துகிறது. தொழிற்சாலையில் ஈரப்பதமாக இருக்கும்போதே அந்த மருந்தை வைத்து, கூட்டைச் சுழற்றி, விளிம்பு முழுக்கப் பரவ விடுவார்கள். எல்லாக் கூட்டிலும் ஒரே அளவாகப் பரவினால் எல்லாத் தோட்டாவும் ஒரே வேகத்தில் போகும். ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறைந்தால் வேகம் மாறும். பெரிய ரைஃபிள்காரர்கள் சுட்ட கூட்டை எடுத்து, வீட்டில் உட்கார்ந்து, தங்களுக்கு வேண்டியபடி மருந்தை நிறுத்துப் போட்டு மறுபடி நிரப்பிக்கொள்வார்கள். நமக்கு அந்த வழி இல்லை. தொழிற்சாலை என்ன அடைத்துக் கொடுத்ததோ அதுதான். ஆகவே நம் கையில் இருக்கிற ஒரே வேலை பார்த்து எடுப்பது.

ஒரு ஒதுக்கல் செய்துவிடலாம்

பட்டியல் பெரிதாகத் தெரியும், ஆனால் பாதியைப் பார்க்காமலே தள்ளிவிடலாம். பெட்டியில் 'மேக்னம்' என்று இருந்தால் அது வேறு அளவு, உங்கள் ரைஃபிளுக்கானதே இல்லை, போட்டுப் பார்க்கவும் கூடாது. 'ஷார்ட்' என்பது நீளம் குறைந்த கூடு, அதையும் விடுங்கள். நுனியில் குழி வைத்த குண்டுகள் வேட்டைக்காரர்களுக்காகச் செய்யப்பட்டவை. 60 கிரெய்ன் மாதிரி கனமான, அதனால் நீளமான குண்டுகளும் சரிவராது. நம் பேரல்களுக்குள் இருக்கிற திருகுபள்ளம் பொதுவாக 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று, அது 40 கிரெய்ன் குண்டைச் சுழற்றி நிலைநிறுத்தப் போதும், அதைவிட நீளமான குண்டுக்குப் போதாது. குண்டு தள்ளாடிக்கொண்டே போய் பேப்பரில் சாவித்துவாரம் மாதிரி நீள ஓட்டை போடும்.

அடுத்தது வேகம். இதில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். 'ஹை வெலாசிட்டி' என்று பெட்டியில் பெரிதாக எழுதியிருந்தால், வேகமாகப் போனால் நேராகப் போகும் என்று நமக்குத் தோன்றும். பாயின்ட் 22-இல் அது தலைகீழ்.

ஒலியின் வேகம் 20 டிகிரியில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர், நம் ஊர் 35 டிகிரி வெயிலில் 352 மீட்டர் வரும். மேட்ச் தோட்டாக்கள் 320-இலிருந்து 330 மீட்டருக்குள் கிளம்புகின்றன, பேரலை விட்டு வரும்போதே ஒலிக்குக் கீழே. ஹை வெலாசிட்டி 380 மீட்டர் சுமாரில் கிளம்பி, இலக்கை நெருங்குகிற இடத்தில் ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்குகிறது, அந்த எல்லையைத் தாண்டும்போது குண்டுக்கு ஒரு குலுக்கல் உண்டு. அதைவிடப் பெரிய விஷயம் காற்று. பக்கக் காற்று குண்டைத் தள்ளுவதை முடிவு செய்வது குண்டு வழியில் எவ்வளவு வேகத்தை இழக்கிறது என்பது. ஒலியின் வேகத்தைத் தாண்டிப் போகிற குண்டு காற்றோடு முட்டி அதிகமாக வேகத்தை இழக்கும். அதனால் ஒரே காற்றில் வேகமான தோட்டா அதிகமாகவும், மெதுவான தோட்டா குறைவாகவும் ஒதுங்கும். நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். காற்றடிக்கிற ஒரு நாளில் இரண்டையும் பத்துப் பத்து சுட்டுப் பாருங்கள்.

ஆக, மிச்சம் நிற்பது 'ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி', 'மேட்ச்', 'டார்கெட்' என்று போட்ட, 40 கிரெய்ன், உருண்டை நுனி அல்லது தட்டை நுனி ஈயக் குண்டு உள்ள தோட்டாக்கள். இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து வருகிற எலி கம்பெனியில் கிளப், டீம், மேட்ச், டெனெக்ஸ் என்று படிப்படியாக மேலே போகும். ஜெர்மனியில் ஷோனெபெக் ஊரில் எஸ்கே, லப்புவா இரண்டும் செய்கிறார்கள். எஸ்கேயில் ஸ்டாண்டர்ட் ப்ளஸ், ரைஃபிள் மேட்ச், லப்புவாவில் சென்டர் எக்ஸ், மைடாஸ் ப்ளஸ், எக்ஸ் ஆக்ட். ஆர்டபிள்யூஎஸ் என்ற இன்னொரு கம்பெனியில் ரைஃபிள் மேட்ச், ஆர் 50. சிசிஐ ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி அமெரிக்காவில் செய்யப்படுவது, பழகுவதற்குப் பலர் வைத்திருப்பது. இதில் எது உங்கள் கைக்குக் கிடைக்கிறதோ அதிலிருந்துதான் தொடங்க முடியும். கிளப்பில் கேளுங்கள், மாநில ரைஃபிள் அசோசியேஷன் வழியாக என்ன வருகிறது என்று கேளுங்கள்.

பெயரைவிட லாட் நம்பர் முக்கியம்

பெட்டியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு எண் அச்சடித்திருக்கும். புதியவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை, பழைய ஆட்கள் பெட்டியை வாங்கியதும் முதலில் பார்ப்பது அதைத்தான். ஒரே மெஷினில், ஒரே மருந்தில், ஒரே ஓட்டத்தில் செய்த தோட்டாக்களுக்கு ஒரு லாட் நம்பர். அடுத்த லாட்டில் ஈயம் ஒரு துளி மாறியிருக்கும், மருந்து வேறு டிரம்மிலிருந்து வந்திருக்கும், குண்டு அச்சு கொஞ்சம் தேய்ந்திருக்கும். பெட்டி அதே பெட்டி, விலை அதே விலை, உங்கள் பேரலில் அது வேறு தோட்டா. அரிசி வாங்குகிற வீட்டில் இது புரியும், அதே பெயர் போட்ட மூட்டைதான், போன தடவை சாதம் மல்லிகைப்பூவாக வந்தது, இந்தத் தடவை குழைகிறது.

எங்கள் கிளப்பில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு தம்பி மிக உயர்ந்த ரகத் தோட்டா இரண்டு லாட் வைத்திருந்தான். ஒன்று அவன் ரைஃபிளில் பத்துக் குண்டையும் ஒரே ஓட்டையாகக் கிழித்தது, மற்றது அதே காலையில், ரைஃபிளைத் தாங்கிய அதே ரெஸ்டில், எஸ்கே ஸ்டாண்டர்ட் ப்ளஸ்ஸை விட அகலமாகப் பரத்தியது. பக்கத்து லேனில் இருந்த அக்கா அந்த மோசமான லாட்டில் பத்து வாங்கித் தன் ரைஃபிளில் போட்டார், அங்கே அது அருமையாகப் போனது. இரண்டும் ஒரே மாடல் அன்ஷுட்ஸ் ரைஃபிள். அந்த லாட்டில் குறை எதுவும் இல்லை என்று இதிலிருந்து தெரிகிறது, அந்த பேரலுக்கு அது ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அந்தக் காலையை நினைத்துத்தான்.

பெரிய போட்டிகளுக்குப் போகிறவர்கள் தங்கள் ரைஃபிளையே தூக்கிக்கொண்டு தோட்டாக் கம்பெனியின் டெஸ்ட் ரேஞ்சுக்குப் போவார்கள். அங்கே ரைஃபிளை இரும்புப் பிடியில் பூட்டி, லாட் லாட்டாகச் சுட்டு, எது நன்றாகப் போகிறதோ அந்த லாட்டை மொத்தமாக வாங்கி வருவார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. அதே வேலையை நம் ரேஞ்சில், மணல் பையை வைத்துக்கொண்டு, பொறுமையாகச் செய்யலாம்.

சோதனைக்கு முன்னால் ரைஃபிளைப் பாருங்கள்

ரைஃபிளின் கட்டையான ஸ்டாக்கையும், சுடுகிற பொறியான ஆக்‌ஷனையும் சேர்த்துப் பிடிக்கிற ஸ்க்ரூ தளர்ந்திருந்தால் எந்தத் தோட்டாவும் நன்றாகப் போகாது. சின்ன ஓட்டை வழியாகக் குறி பார்க்கிற டயாப்டர் சைட் ஆடுகிறதா என்று விரலால் அசைத்துப் பாருங்கள். தோட்டா உட்காருகிற அறையான சேம்பருக்கு முன்னால், குண்டு முதலில் திருகுபள்ளத்தைக் கவ்வுகிற இடத்தில், கரி வளையம் மாதிரி படியும். கிளப் ரைஃபிள்களில் இதை யாரும் பல மாதமாகச் சுத்தம் செய்திருக்க மாட்டார்கள். கோச்சிடம் சொல்லி ஒழுங்காகச் சுத்தம் செய்த பிறகு தொடங்குங்கள். சோதனை முடியும்வரை ஸ்க்ரூ, ஸ்டாக் நீளம், சைட் எதையும் தொடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் இப்போதுதான் 50 மீட்டருக்கு வந்திருக்கிறீர்கள், படுத்துச் சுடும்போது குண்டுகள் இன்னும் ஏழு, எட்டுப் புள்ளி வளையங்களுக்குப் பரவுகின்றன என்றால் இந்தச் சோதனையை ஆறு மாதம் தள்ளிப் போடுங்கள். அதுவரை கிளப்பில் கிடைக்கிற ஸ்டாண்டர்ட் தோட்டா ஒன்றை எடுத்து அதிலேயே இருங்கள். மூச்சும் டிரிகரும் கையில் மாட்டுகிற ஸ்லிங் வாரும் சரியாக அமைந்தால் வருகிற முன்னேற்றத்தில் கால்வாசியைக்கூட எந்தத் தோட்டாவும் தராது.

சோதனை நாள்

காற்று எழுவதற்கு முன் தொடங்கிவிடுங்கள். எங்கள் பக்கம் காலை 6 மணியிலிருந்து 8 மணிக்குள் முடித்தால்தான் உண்டு, அதற்குமேல் ரேஞ்சில் காற்று திரும்பித் திரும்பி அடிக்கும், தரை சூடேறி இலக்கு நீருக்குள் இருப்பதுபோல அலையும். பாதி தூரத்தில் ஒரு குச்சியில் மெல்லிய ரிப்பன் கட்டி வையுங்கள். ரிப்பன் சும்மா தொங்கும்போது மட்டும், அல்லது எப்போதும் ஒரே பக்கம் ஒரே அளவு சாய்ந்திருக்கும்போது மட்டும் சுடுங்கள்.

பெஞ்சில் உட்கார்ந்து, முன்பக்கம் மணல் பை, பின்பக்கம் ஸ்டாக்குக்கு அடியில் சின்ன மணல் பை. ரைஃபிள் தானே நடு வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், நீங்கள் பிடித்து நிறுத்தக் கூடாது. டெலஸ்கோப் பொருத்த முடிந்தால் சோதனைக்கு மட்டும் பொருத்துங்கள். கண் கண்ணாடியும் காது அடைப்பும் போட்டுத்தான் எல்லாம்.

நான்கு வகைத் தோட்டா எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றிலும் 50 உள்ள ஒரு பெட்டி. நான்குக்கு மேல் வேண்டாம், குழப்பம்தான் மிஞ்சும். ஒரு பெட்டியில் முதல் 10 தோட்டாவை எங்கே போகிறது என்று பார்க்காமல் மணல் திட்டில் சுட்டுத் தீர்த்துவிடுங்கள். முதலில் சொன்ன மெழுகு நினைவிருக்கிறதா, இங்கேதான் அது வருகிறது. ஒவ்வொரு கம்பெனியும் குண்டின் மேல் பூசுகிற மெழுகோ கொழுப்போ வேறு வேறு. சில எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும், சில காய்ந்த மெழுகாக இருக்கும். பேரலின் உள்சுவரில் முந்தைய தோட்டாவின் பூச்சு படிந்திருக்கும்போது புதிய தோட்டா அதன் மேல்தான் வழுக்கிப் போகிறது. பழையது போய்ப் புதியது முழுக்கப் படிய 10 ரவுண்டாவது ஆகும், சில பேரலில் 20 கூட ஆகும். தோசைக்கல்லில் முதல் தோசை சரியாக வராது, அதை வைத்து மாவைக் குறை சொல்ல மாட்டோமே. புதியவர்கள் ஒரு வகையில் ஐந்து, அடுத்ததில் ஐந்து என்று மாற்றி மாற்றிச் சுட்டுவிட்டு முடிவுக்கு வருவார்கள். அவர்கள் சோதித்தது எந்தத் தோட்டாவையும் இல்லை.

மிச்சம் 40. அதைப் பத்துப் பத்தாக நான்கு தனித்தனி இலக்கில் சுடுங்கள். ஒவ்வொரு பேப்பரிலும் தேதி, நேரம், தோட்டாப் பெயர், லாட் நம்பர் எழுதிவிடுங்கள், அப்புறம் எழுதலாம் என்று விட்டால் குழம்பிப் போகும். தோட்டாவை ஒவ்வொன்றாகக் கையால் சேம்பரில் வையுங்கள். மேகசினிலிருந்து தள்ளினால் மென்மையான ஈய நுனி உரசிக் கீறல் விழலாம். கீழே விழுந்த தோட்டாவை ஊதித் துடைத்துப் போடாதீர்கள், மெழுகில் ஒட்டிய மணல் பேரலுக்குள் போகும், குண்டும் நசுங்கியிருக்கும். அதைத் தனியாக வைத்துவிடுங்கள்.

ஒரு காலையில் இரண்டு வகைக்குமேல் முடியாது. மறுநாள் மற்ற இரண்டு. வசதி இருந்தால் அடுத்த வாரம் வரிசையைத் திருப்பி மறுபடி ஒரு தடவை. முதலில் சுட்டதுக்குக் காற்றில்லாத நேரம் கிடைத்திருக்கும், கடைசியில் சுட்டதுக்கு உங்கள் களைப்பு சேர்ந்திருக்கும், அந்த ஓரவஞ்சனை இப்படித்தான் போகும்.

இடையில் ஒரு ரவுண்டு வெடிக்கவில்லை என்றால் பேரலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு முப்பது நொடி காத்திருங்கள், பிறகு கழற்றுங்கள். வழக்கமான சத்தம் இல்லாமல் 'டப்' என்று அமுங்கிய சத்தம் கேட்டு, பேப்பரிலும் ஓட்டை விழவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். குண்டு பேரலுக்குள் மாட்டியிருக்கலாம். அதன் மேல் அடுத்ததைச் சுட்டால் பேரல் போய்விடும், ஆளுக்கும் ஆபத்து. ரேஞ்ச் ஆபீசரைக் கூப்பிடுங்கள்.

அளப்பது

ஒரு பேப்பரை மேசையில் விரித்து வெர்னியர் காலிப்பரை எடுங்கள். மிகத் தள்ளி இருக்கிற இரண்டு ஓட்டைகளின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புவரை அளந்து, ஒரு ஓட்டையின் அகலத்தைக் கழித்தால் குரூப்பின், அதாவது அந்தப் பத்துக் குண்டும் விழுந்த கொத்தின், அளவு. குண்டின் அகலம் சுமார் 5.6 மி.மீ. தான், ஆனால் பேப்பர் கொஞ்சம் நெகிழ்ந்து மூடிக்கொள்ளும், ஓட்டை அதைவிடச் சின்னதாகத் தெரியும். ஆகவே தனியாக விழுந்த ஒரு ஓட்டையை அளந்து, அந்த எண்ணையே எல்லா இடத்திலும் கழியுங்கள்.

இந்த மில்லிமீட்டர் எதற்கு என்று கேட்டால், 50 மீட்டர் ரைஃபிள் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ. தான். ஒரு வளையத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் 8 மி.மீ. தசமப் புள்ளியில் கணக்கிடும்போது 0.1 புள்ளி என்பது 0.8 மி.மீ. குண்டின் ஓரம் வட்டத்தைத் தொட்டாலே போதும் என்பதால், குண்டின் நடு, இலக்கின் நடுவிலிருந்து 8 மி.மீ.க்குள் இருந்தால் பத்து, அதாவது ரைஃபிளும் தோட்டாவும் சேர்ந்து 16 மி.மீ.க்குள் எல்லாவற்றையும் போட்டால், சைட் சரியாக இருந்து கையும் ஆடாமல் இருந்தால், எல்லாம் பத்து. கை ஆடாமல் இருக்காது என்பதால் அதைவிடச் சின்ன குரூப் வேண்டும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் படுத்துச் சுடுகிற 50 மீட்டர் புரோன் போட்டியில் நம் ஜாய்தீப் கர்மாகர் நான்காவதாக வந்தார். அவருக்கு 699.1, வெண்கலம் வாங்கிய ஸ்லோவேனியாவின் டெபெவெக்குக்கு 701.0. எழுபது குண்டு சுட்டு 1.9 புள்ளியில் மெடல் போனது. குண்டுக்கு 0.03 புள்ளிகூட ஆகாத வித்தியாசம். 2024-இல் பாரிஸில் கோலாப்பூர்க்காரர் ஸ்வப்னில் குசாலே 451.4 எடுத்து முட்டி போட்டு, படுத்து, நின்று சுடுகிற 50 மீட்டர் த்ரீ பொசிஷனில் வெண்கலம் வாங்கினபோது எங்கள் கிளப்பில் அன்றைக்கு யாரும் சுடவே இல்லை, எல்லாரும் ஒரே போனைச் சுற்றி நின்றோம்.

சரி, அளந்தாயிற்று. இப்போது மனசு செய்கிற தந்திரத்தைச் சொல்கிறேன். நான்கு பேப்பரில் அழகான ஒன்றை எடுத்து எல்லாருக்கும் காட்டத் தோன்றும். என் நோட்டில் ஒரே லாட், ஒரே காலை, நான்கு குரூப்: 13, 19, 14, 17 மி.மீ. முதல் பேப்பரை மட்டும் பார்த்தால் இது அற்புதமான தோட்டா, இரண்டாவதை மட்டும் பார்த்தால் தூக்கிப் போட வேண்டிய தோட்டா. சராசரி 15.75, அதுதான் உண்மைக்குப் பக்கம். பத்துக் குண்டு குரூப்புக்கே இந்த ஆட்டம் என்றால் மூன்று குண்டு, ஐந்து குண்டு குரூப்பை நம்பவே முடியாது. ஐந்து குண்டில் எப்போதும் சின்னதாகத்தான் தெரியும். அதே ரைஃபிள், அதே தோட்டா பத்துக் குண்டுக்குச் சராசரியாக நாலில் ஒரு பங்கு பெரிதாகும். யாராவது ஐந்து குண்டு பேப்பரைக் காட்டினால், "இன்னும் மூணு பேப்பர் எங்கே?" என்று கேளுங்கள்.

தள்ளிப் போன ஒரு குண்டைக் கணக்கில் சேர்க்காமல் விடத் தோன்றும். "அது நான் இழுத்துட்டேன்" என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்வோம். டிரிகர் விழுந்த நொடியிலேயே, பேப்பரைப் பார்ப்பதற்கு முன்பே, இது என் தப்பு என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால் விடலாம். பார்த்த பிறகு சொன்னால் அது தோட்டாவின் கணக்கில்தான் சேர வேண்டும். போட்டியில் மெடலைத் தின்பது அந்த ஒரு குண்டுதான்.

பேப்பர் என்ன சொல்கிறது

குரூப்பின் வடிவத்தையும் பாருங்கள். மேலும் கீழுமாக நீண்டிருந்தால் பெரும்பாலும் தோட்டாக்களின் வேகம் ஒன்றுபோல் இல்லை. ஒரு சின்னக் கணக்கு: நொடிக்கு 320 மீட்டரில் கிளம்புகிற குண்டுக்கும் 330-இல் கிளம்புகிற குண்டுக்கும் 50 மீட்டரில் உயரத்தில் சுமார் 8 மி.மீ. வித்தியாசம் வரும், சரியாக ஒரு வளையம். 100 மீட்டரில் இது நான்கு மடங்குக்கும் மேல். குரோனோகிராஃப் இருக்கிற கிளப்பாக இருந்தால் வேகத்தையும் அளந்துகொள்ளுங்கள், பேப்பர் சொன்னதை அது உறுதி செய்யும். பக்கவாட்டில் நீண்டிருந்தால் காற்றைச் சந்தேகப்படுங்கள், தோட்டாவை இல்லை. இரண்டு தனிக் கொத்தாக விழுந்திருந்தால் ஸ்டாக் ஸ்க்ரூவுக்குத் திரும்பிப் போங்கள்.

இரண்டு வகைத் தோட்டாவுக்கு இடையில் சராசரி ஒரு மில்லிமீட்டர் மட்டுமே வித்தியாசம் என்றால் அது வித்தியாசமே இல்லை என்று எடுத்துக்கொண்டு, விலை குறைந்ததை வாங்குங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். விலை அதிகமானதுதான் ஜெயிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, ஜெயிக்கும்வரை மறுபடி மறுபடி சோதித்த பெற்றோர்களைப் பார்த்திருக்கிறேன். தொழிற்சாலை தன்னுடைய சோதனையில் தேறியதைத்தான் உயர்ந்த ரகப் பெட்டியில் போடுகிறது, அதனால் அதில் நல்ல லாட் கிடைக்கிற வாய்ப்பு அதிகம். வாய்ப்பு மட்டும்தான், உங்கள் பேரலுக்கு அது உறுதிமொழி கிடையாது.

விளிம்பின் தடிமனை அளந்து பிரிப்பது, ஒவ்வொரு தோட்டாவையும் எடை போட்டுப் பிரிப்பது என்றெல்லாம் சிலர் சொல்வார்கள். மலிவான தோட்டாவில் அதனால் கொஞ்சம் பலன் இருக்கலாம். நல்ல மேட்ச் லாட்டில் நான் எந்த வித்தியாசமும் பார்க்கவில்லை, அந்த ராத்திரிகளில் டிரை ஃபயர், அதாவது தோட்டா இல்லாமல் சுட்டுப் பழகுவது, செய்திருக்கலாம். டிரை ஃபயர் என்றால், பாயின்ட் 22-இல் அதற்கென்று செய்த பிளக் போட்டோ, ரைஃபிளில் டிரை ஃபயர் அமைப்பு இருந்தாலோ மட்டும். வெறும் சேம்பரில் விட்டால் சில ரைஃபிள்களில் ஃபயரிங் பின் சேம்பர் விளிம்பிலேயே அடித்து அங்கே பள்ளம் விழுந்துவிடும்.

வாங்குவதும் வைப்பதும்

நல்ல லாட் தெரிந்ததும் தாமதிக்காதீர்கள், லைசென்ஸ் அனுமதிக்கிற அளவுக்கு, அதே லாட் நம்பரில் வாங்கிவிடுங்கள். ஒரு மாதம் கழித்துப் போனால் அந்த லாட் இருக்காது. வருஷத்துக்கு எத்தனை போட்டி, போட்டிக்கு எத்தனை குண்டு, அதற்கு முந்தைய வாரம் எத்தனை என்று கணக்குப் போட்டு அவ்வளவை ஒதுக்குங்கள். தினப் பயிற்சிக்கு விலை குறைந்தது போதும், ஆனால் முடிந்தவரை அதே குடும்பத்தில் எடுங்கள். போட்டிக்கு லப்புவா என்றால் பயிற்சிக்கு எஸ்கே, போட்டிக்கு டெனெக்ஸ் என்றால் பயிற்சிக்கு எலி கிளப். பூச்சு நெருக்கமாக இருந்தால் போட்டித் தோட்டாவுக்கு மாறும்போது பேரல் சீக்கிரம் பழகும். அப்படியும் மாறின உடனே கணக்கில் சேராத சைட்டர் ஒரு பத்து சுட்டுக்கொள்ளுங்கள்.

வெயில்தான் நம் ஊரில் பெரிய எதிரி. ஒரு மே மாதம் போட்டிக்குப் போன இடத்தில் தோட்டாப் பெட்டிகளைக் காரின் டிக்கியில் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து திறந்தால் அட்டைப் பெட்டியின் அடியில் எண்ணெய்க் கறை, மெழுகு உருகி இறங்கியிருந்தது, சில குண்டுகள் பளபளவென்று வெறும் ஈயமாக நின்றன. அன்று மதியம் குரூப் மேலும் கீழுமாக இழுத்துக்கொண்டே போனது, இரண்டு மாதம் சோதித்து எடுத்த லாட் அது. அதிலிருந்து நான் தெர்மோகோல் பெட்டியில் வைத்து, கையோடு கொண்டுபோகிறேன், ஐஸ் எதுவும் போடுவதில்லை. ஃப்ரிட்ஜிலும் வைக்க வேண்டாம், வெளியே எடுத்ததும் வேர்க்கும். ரேஞ்சில் பெட்டியை நிழலில் வையுங்கள், சுடப் போகிற 20 ரவுண்டை மட்டும் துளை போட்ட தோட்டாப் பிளாக்கில் எடுத்து, மேலே ஒரு வெள்ளைத் துணி போட்டு மூடுங்கள். சூடான சேம்பரில் தோட்டாவை வைத்துவிட்டு காற்றுக்காக இரண்டு நிமிஷம் காத்திருப்பதும் இதே தப்புதான்; வெளியே எடுத்துவிட்டுக் காத்திருங்கள். வீட்டில் பூட்டிய அலமாரி, துப்பாக்கியிலிருந்து தனியாக, பிள்ளைகள் கைக்கு எட்டாமல்.

ஒரு நோட்டு போடுங்கள், ரைஃபிள் நம்பரை மேலே எழுதி. அதில் லாட் நம்பர், தேதி, வெப்பநிலை, நான்கு குரூப், சராசரி. கிளப் ரைஃபிளாக இருந்தால் அந்த நோட்டு ரைஃபிள் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும், அடுத்து அதை எடுக்கிற பிள்ளைக்கு உதவும். எங்கள் கிளப்பில் ஒரு பழைய அன்ஷுட்ஸ் பெட்டியில் அப்படி ஒரு நோட்டு கிடக்கிறது, நான்கு பேர் கையெழுத்து அதில் இருக்கிறது, முதல் ஆள் யார் என்று எனக்குத் தெரியாது. அந்த ரைஃபிளை எடுக்கும்போதெல்லாம் அவர் எழுதின லாட்டுகளைப் படித்துவிட்டுத்தான் எந்தத் தோட்டாவில் தொடங்குவது என்று முடிவு செய்கிறேன்.